மலரில் வந்த ‘சுயதொழில்’

அன்புள்ள வகுப்புத் தோழனுக்கு, கணவனுக்கும் சேர்த்துத்தான்.

நான் நலம். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? சின்னவளுக்குச் சளி விட்டதா?

நம் கல்லூரி வகுப்பின் இருபத்தைந்தாம் ஆண்டு மலர் வந்தது. யாருக்கு என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று ஆளுக்கு நான்கு வரி. ‘வேலையை விட்டுவிட்டு அம்மாவையும் மகள்களையும் பார்த்துக்கொள்கிறார்’ என்று உன்னைப் பற்றி நான்தான் எழுதி அனுப்பினேன். அச்சில் ‘சுயதொழில்’ என்று இருக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே நான் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கு வாசலில் நின்றபடியே, மலரைத் தொகுத்த நம் கடைசி பெஞ்சுக்காரனைப் போனில் பிடித்தேன்.

“ஏன்டா, எங்க அத்தையைக் கைத்தாங்கலா பாத்ரூம் கூட்டிட்டுப் போறது சுயதொழிலா? லாபம் எவ்வளவுன்னும் போட்டிருக்கலாமே!”

“என் மேல ஏன் பாயுற? உன் வீட்டுக்காரன்தான் போன் பண்ணி மாத்தச் சொன்னான்.”

போனை வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காவலாளி தண்ணீர் கொடுத்தார். பயப்படாதே, வேறொன்றும் இல்லை.

யாருக்குப் பயந்து மாற்றச் சொன்னாய்? மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள் என்று பாதி ஆண்கள் கூசாமல் எழுதியிருக்கிறார்கள். அதையே நீ செய்தால் மறைக்க வேண்டுமா? நீ அங்கே இருப்பதால்தான் நான் இங்கே வேலை பார்க்கிறேன். அதை ஊரறியச் சொல்ல எனக்கு ஆசை. அதைக் கெடுத்துவிட்டாய்.

என் சீருடைச் சட்டையில் பொத்தான்கள் உதிர்ந்துவிட்டன. எனக்கும் தைக்கத் தெரியும். ஆனாலும் ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்புகிறேன், நீ தைத்து அனுப்பு.

மருந்து ஏற்ற வண்டி வந்துவிட்டது. திருத்தம் போடச் சொல்லி அந்தக் கடைசி பெஞ்சுக்காரனை நீயே கூப்பிடு.

கோபம் தீராத,
உன்னவள்.