கிளிசரின் இல்லாமல்

செவ்வாய், இரவு

பல வருடம் கழித்துக் கிடைத்த வேடம். அம்மா வேடம். சுவா சூ காங்கில் ஒரு வீட்டில் படப்பிடிப்பு. என் மகளாக நடிக்கும் சிறுமிக்கு அழுகை வரவில்லை. இயக்குநர் குனிந்து, "உங்கம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். உடனே அழுதாள். கேமரா ஓடியது.

நான் வசனத்தை விட்டுவிட்டு, "அம்மா வெளியே லிஃப்ட்கிட்டதான் நிக்கிறாங்கடா" என்று அவளைத் தூக்கிக்கொண்டேன்.

"டேக் போச்சுலா!" என்று இயக்குநர் கத்தினார். "சின்ன வயசுல நீங்க கிளிசரின் இல்லாமயே அழுவீங்களாமே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எனக்கும் இதையேதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் நம்பினேன்.

நாளைக்குக் கூப்பிடுவார்களா, தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்கு போன் செய்தேன். "வீட்லதானம்மா இருக்க?"

"பின்ன எங்கடி போவேன்?"