முச்சந்தியில் உடைத்த பூசணி

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, கியூபெக்
பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹர்ஷ் அண்ணாவுக்கு,

உன் தங்கை பிரியம்வதா எழுதுவது. இங்கே நான், அம்மா, அப்பா எல்லோரும் நலம். நலமாக இல்லாதது ஒரே ஒரு வெண்பூசணிக்காய்தான். அதன் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கவரில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. நீ குடும்ப குரூப்பிலிருந்து போய்விட்டாய், நம்பரை மாற்றிவிட்டாய், என்னையும் சேர்த்து பிளாக் செய்துவிட்டாய். நான் என்னடா பண்ணினேன்? அந்தப் பொங்கல் அன்று நான் பாயசம்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்! உன் கால்கரி முகவரியை உன் காலேஜ் நண்பனிடம் கெஞ்சி வாங்கினேன். காகிதத்தை மியூட் பண்ண முடியாது, பார்.

தமிழ் எப்படி? யாரும் சொல்லித்தரவில்லை. பாட்டு வீடியோக்களுக்குக் கீழே வரும் கமெண்ட்களைப் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. இங்கிலீஷில் எழுதினால் எனக்குச் சண்டை போடத்தான் வருகிறது. பிரெஞ்சில் எழுதினால் ஸ்கூல் லீவ் லெட்டர் ஆகிவிடுகிறது. அதனால்தான் இது.

முதலில் தலைப்புச் செய்தி: நம் ஹாக்கி டீம் வரிசையாகத் தோற்கிறது! கோல் காக்கிற கோலியை மாற்று என்று ஃபேன் ஃபோரமே கத்துகிறது. மாற்றக்கூடாது என்று சொல்வது நானும் ஜில் என்கிற ஒரு பெரியவரும் மட்டும்தான். அவர் நம் ஏரியாவில்தான் எங்கேயோ இருக்கிறார், முகம் தெரியாது. என் புரொஃபைலில் ஒரு கோலி முகமூடிதான் இருக்கும். அதனால் நான் ஒரு பையன், அதுவும் கியூபெக் பையன் என்று நினைத்து ‘மோன் சம்’ என்பார். நண்பா என்று அர்த்தம். ஒவ்வொரு மேட்சுக்கும் நாங்கள் சேர்ந்துதான் அழுவோம். இந்த ஜில்லை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருவார்.

இரண்டாவது செய்தி. டிசம்பரில் உறைமழை பெய்த ஒரு சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வரும்போது நாற்பதாம் நெடுஞ்சாலையில் கார் வழுக்கி, பம்பரமாகச் சுற்றி, தடுப்பில் மோதி நின்றது. பயப்படாதே. தோளில் ஒரு கன்றல், அவ்வளவுதான். கார்தான் போய்விட்டது. “ஹர்ஷ் கிட்ட சொல்லாதீங்க, அவன் கவலைப்படுவான்” என்றார். சொல்ல எங்களிடம் வழியே இல்லை என்பதை மறந்துவிட்டார் போல.

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. தை அமாவாசைக்குப் பூசணி சுற்றி உடைத்தே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார். நம் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியுமே. வாசலில் கோலம் கூடாது, மாவிலை கூடாது, ஜன்னலைச் சாத்தாமல் தாளிக்கக்கூடாது. ‘நாம இருக்கிறதே யாருக்கும் தெரியக்கூடாது’ என்பதுதான் பதினேழு வருஷமாக அவருடைய சட்டம். அந்த மனிதர் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. காரோடு சேர்ந்து அவருக்குள்ளும் ஏதோ சுற்றிவிட்டது என்று நினைக்கிறேன்.

அம்மாவின் முருகன் கோவில் சிநேகிதி சிவமலர் அன்ரிதான் காய் வாங்கிவந்தார். “நல்ல நீத்துப்பூசணிக்காய், ஆனா அனுசூயா, ரோட்டில உடைக்காதேங்கோ. பின்வளவுக்க வெட்டிப்போட்டு உள்ள வாங்கோ. இஞ்சத்தைச் சனம் ஒரு மாதிரி” என்று படித்துப் படித்துச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. பின்பக்கம் உடைத்தால் திருஷ்டி வீட்டுக்குள்ளேயே சுற்றுமாம், முச்சந்தியில்தான் உடைக்கணுமாம். அப்பாவுக்கும் அது வசதியாகிவிட்டது. முச்சந்தி என்றால் நம் வாசலில் இல்லை, தெருமுனையில்! பொழுது சாய்ந்ததும் அப்பாவே காயைக் குடைந்து குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி எங்களுக்குச் சுற்றினார். அப்புறம் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு போய் முனையில் போட்டு உடைத்தார். திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பது முறை. அப்படியே திரும்பிப் பார்க்காமல் வந்து, காலைக் கழுவிவிட்டு, சீரியல் பார்த்தார்.

திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அண்ணா, நீ ஊரில் தார் ரோட்டில் பார்த்த குங்குமம் வேறு. வெள்ளை வெளேரென்ற பனியில் அது ரத்தம்! சந்தேகமே வராத ரத்தம்! ராத்திரி இன்னும் கொஞ்சம் பனி பெய்திருக்கிறது. விடிகாலையில் பனி அள்ளும் வண்டி வந்து, அதை அப்படியே வழித்து, தெருக் கடைசிவரை சிவப்பாக இழுத்துவிட்டுப் போய்விட்டது. நான் பஸ்ஸுக்குப் போகும்போது பார்த்தேன். யாரையோ தரதரவென்று இழுத்துப்போன மாதிரி இருந்தது.

எட்டு மணிக்கெல்லாம் போட்டோ அக்கம்பக்கத்து ஃபேஸ்புக் குரூப்பில் வந்துவிட்டது. நாயைக் கொன்றுவிட்டார்கள் என்றார் ஒருவர். ஆட்டைப் பலி கொடுத்திருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். அப்புறம் யாரோ, அந்த முனை வீட்டு பேஸ்மென்ட்டில் இந்திய ஸ்டூடண்ட்ஸ் இருக்கிறார்களே என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரே வீட்டில் பத்துப் பேர், ஏரியில் துணி துவைக்கிறார்கள், ஏறிவந்த விமானத்திலேயே திருப்பி ஏற்று... நான் பஸ்ஸில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் படித்தேன். நடுவில் ஒரு பெயர். ஜில். ஃபோரத்தில் வைத்திருக்கும் அதே புரொஃபைல் படம். என் ஜில். ‘எல்லாரையும் திருப்பி அனுப்புங்கள்’ என்று எழுதியிருந்தார். நேற்றிரவுதான் என்னை மோன் சம் என்றவர்! நான் போட்டிருந்தது டீமின் சிவப்பு ஜெர்சி. மேட்ச் நாளில் ஊரே இந்தச் சிவப்பில்தான் திரிகிறது, யாரும் போலீஸைக் கூப்பிடுவதில்லை. அன்றைக்கு எனக்கு அந்த ஜெர்சி உடம்பில் ஒட்டவே இல்லை. ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அந்தப் பேஸ்மென்ட்டில் இருப்பது பத்துப் பேர் இல்லை, மூன்று பையன்கள். பஞ்சாபிகள். ஒருவன் பெயர் ஜஸ்கரன், காலேஜ் போய்விட்டு டவுன்டவுனில் ஒரு ரெஸ்டாரண்ட் கிச்சனில் வேலை செய்கிறான். போலீஸ் கார் அவர்கள் வாசலில் நின்றது. போலீஸ்காரர்கள் மரியாதையாகத்தான் கேட்டுவிட்டுப் போனார்களாம். வீட்டுக்காரர் அப்படி இல்லை. மாதக் கடைசியில் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்.

நம் வீட்டில் என்ன நடந்திருக்கும், சொல். அப்பா போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒரு கமெண்ட் விடாமல் படித்தார். அம்மா வெடித்துவிட்டார். “ஏங்க, நீங்க உடைச்ச காய் அந்தப் பசங்க தலையில விடிஞ்சிருக்கு. இது திருஷ்டி கழிக்கிறதா, வாங்கிக் கட்டிக்கிறதா?” அப்பா நிமிரவே இல்லை. “நான்தான்னு சொன்னா? நாளைக்கு இந்தத் தெருவுல எப்படி நடக்கிறது? ரெண்டு நாள்ல தானா ஆறிடும், விடு” என்றார். நடந்ததை நானே டைப் பண்ணிவிட்டேன். போஸ்ட் பண்ணும்முன் போனைப் பிடுங்கிக்கொண்டார். “உடைச்சது நான். நீ எழுதக்கூடாது.” சரி, அப்போ நீங்க எழுதுங்க என்றேன். எழுந்து ரூமுக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு உன் மேல் பொறாமையாக இருந்தது. நீ எழுந்து போய்விட்டாய். எனக்கு எழுந்து போகத் தெரியவில்லை.

சனிக்கிழமை அப்பா வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தார், நான் கூட நின்றேன். முனையில் ஜஸ்கரன் தோசைத் திருப்பி மாதிரி எதையோ வைத்து அந்தச் சிவப்பு ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கெட்டில் கெட்டிலாகச் சுடுதண்ணீர் ஊற்றுகிறான், ஊற்ற ஊற்ற அது இன்னும் பரவுகிறது. கூட இருந்தவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் நம் ஐஸ் உடைக்கும் கம்பியை எடுத்துக்கொண்டு நேரே போய், “தண்ணி ஊத்தாதே, உறைஞ்சுடும். இப்படிக் கொத்தி எடு” என்று இங்கிலீஷில் சொல்லிக் கொத்த ஆரம்பித்தார்.

ஜஸ்கரன் இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். “அங்கிள், எங்க ஊர்ல எலுமிச்சம்பழமும் மிளகாயும். இது என்ன காயோ தெரியல, ஆனா கண்ணு பட்டதுக்குத்தான்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. போலீஸ்கிட்ட என்னன்னு சொல்றது? ஏதோ ஒரு அங்கிள், ஆன்ட்டி எதுக்கோ பயந்துபோய்ப் பண்ணியிருப்பாங்க. அவங்களை மாட்டிவிடவா?” அப்பா கொத்திக்கொண்டே இருந்தார். கம்பி ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அந்த குரூப்பில் எழுதினார். பிரெஞ்சில்! வேலைக்கான லைசென்ஸ் பரீட்சைக்காக எப்போதோ படித்த பிரெஞ்சு. தப்புத் தப்பாக இருந்தது. திருத்தட்டுமா என்றேன். “வேண்டாம். இதுதான் என் பிரெஞ்சு, பார்க்கட்டும்” என்றார். நீதான் எந்த குரூப்பிலும் இல்லையே, அதனால் தமிழில் தருகிறேன்.

‘வணக்கம். இந்தத் தெருவில் இருக்கும் கோவிந்தராஜன் எழுதுவது. அந்தச் சிவப்பு என்னுடையது. அது ஒரு காய்கறியும் கொஞ்சம் பொடியும். என் கார் சுற்றியது, நான் சாகவில்லை, அதற்காக உடைத்தோம். என் வீட்டு முன்னால் உடைக்க வெட்கப்பட்டு முனையில் உடைத்தேன். அந்த வீட்டுப் பையன்கள் ஒன்றும் செய்யவில்லை. தெருவை நான் சுத்தம் செய்கிறேன். இவர்களைப் போன்ற வேறு பையன்களைப் பற்றி உங்களைப் போல நானும் பேசியிருக்கிறேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அவர்கள் முகத்துக்கு நேராக. அன்று என் மகன் எழுந்து போனான். அவன் செய்தது சரி.’

அண்ணா, கடைசி வரியை நான் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் மொழிபெயர்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தார்.

அந்தப் பொங்கலுக்கு நீ கூட்டிவந்த இந்திய ஸ்டூடண்ட் நண்பர்களைப் பார்த்து, “நீங்க எல்லாம் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல எங்களுக்கு நல்ல பேர் இருந்தது” என்று அப்பா சொன்னதை நான் மறக்கவில்லை. நீ பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, அந்தக் குளிரில் கோட்டைக்கூட எடுக்காமல் அவர்களோடு இறங்கிப் போனதையும் மறக்கவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை அப்பா இப்போது முன்பின் தெரியாத ஊராரிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு வந்தது அவ்வளவுதான்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதே. எதிர் வீட்டு மதாம் லிஸ் ஒரு ஆப்பிள் கேக்கோடு வந்து, அந்தக் காய் எப்படி இருக்கும், சூப் வைக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். நிறையப் பேர் ஹார்ட் போட்டார்கள். நிறையப் பேர் இன்னும் மோசமாக எழுதினார்கள், இந்தத் தடவை அப்பா பெயரைப் போட்டே. சிவமலர் அன்ரி போனில், “நான் அப்பவே சொன்னனான், கேட்டனீங்களே? சரி விடுங்கோ, அவர் எழுதினது நல்லது” என்று திட்டும் பாராட்டும் ஒரே மூச்சில் கொடுத்தார். முனை வீட்டுக்காரர் பையன்களை இருந்துகொள்ளுங்கள் என்றார். பையன்கள்தான் இருக்கவில்லை. செயின்ட்-மிஷேலில் ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாதான் வாடகைக் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவந்தார். அம்மா புளியோதரை கட்டிக்கொடுத்தார். ஜஸ்கரனுக்குக் காரம் பத்தவில்லையாம்!

நானும் ஒன்று செய்தேன். ஃபோரத்தில் முகமூடியை எடுத்துவிட்டு என் படத்தையும் முழுப் பெயரையும் போட்டேன். ஜில்லுக்கு, ‘அந்தப் பூசணிக்காரர் என் அப்பா’ என்று எழுதினேன். நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், ‘கோலி நேற்று நன்றாக ஆடினான், இல்லையா?’ என்று மட்டும் வந்தது. மோன் சம் இல்லை. நான் இன்னும் பதில் போடவில்லை. நன்றாகத்தான் ஆடினான். போடுவதா வேண்டாமா, நீயே சொல்.

ஒன்று சொல்லாமல் விட்டேன். அன்றைக்குப் பூசணியைக் கையில் எடுத்த அப்பா, எங்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டு, கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கற்பூரம் கரைகிறது என்று அம்மா சொன்னார். “பிரியா, கதவுக்குப் பின்னாடி அவன் கோட் இருக்கும், எடுத்துட்டு வா” என்றார். நான் உன் கோட்டைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களுக்குச் சுற்றிய மாதிரியேதான் அதற்கும் சுற்றினார். உன் பெயரைச் சொல்லித்தான் சுற்றினார். தெருக் கடைசிவரை சிவப்பாகப் போன அந்தத் தடத்தில் உன் பங்கும் இருக்கிறது.

ஆக, உன் மேல் இருந்த கண்ணெல்லாம் கழிந்திருக்கும். நீ நன்றாக இருப்பாய், நன்றாகச் சாப்பிடு. கோட்டை அம்மா துவைத்து மறுபடியும் அதே கொக்கியில் மாட்டியிருக்கிறார். இங்கே ஏப்ரல்வரை குளிர்தான்.

என்றும் உன் பாயசக்காரத் தங்கை,
பிரியம்வதா