சாப்பிடாத சிலந்திக்குட்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நான் சுகம், அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், முதலில் உன் சிலந்திகள் சேதி. நீ விட்டுப்போன இரண்டு டரான்டுலாக் குட்டிகளில் பெரியது நன்றாக இருக்கிறது. சின்னது செத்துப்போய்விட்டது. நான்தான் கொன்றேன், வேறு யார்.

சிலந்தி விற்ற கடைக்காரர் வாங்கின அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டார், புதுசா வளர்க்கிறவங்க கொஞ்சம் வளர்ந்ததா வாங்குங்கம்மா, பொடிக்குட்டி தாங்காது என்று. நீ கேட்டாயா, பாவமா இருக்குப்பா என்று மிளகு அளவில் ஒன்றையும் சேர்த்துத் தூக்கி வந்தாய். நீ சொன்னபடியே மண்ணை ஒரு ஓரம் மட்டும் நனைத்தேன், மூடியில் காற்றுத் துளை அடைக்காமல் பார்த்தேன், கையால் தொடவே இல்லை. போன மாதம் அது சாப்பாட்டை நிறுத்திவிட்டது. வயிறு உப்பிக் கறுத்து மூலையில் குந்திக்கொண்டது. ஆலை கேன்டீனில் பரிமாறியே தலை நரைத்தவன் நான், தொடாத தட்டைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. உயிருள்ள பூச்சி ஒன்றைப் போட்டு, பசித்தால் தின்னட்டும் என்று அப்படியே விட்டேன். மறுநாள் குட்டி மல்லாந்து கிடக்கிறது, பூச்சி அதைத் தின்றுகொண்டிருக்கிறது. டப்பாவோடு கடைக்கு ஓடினேன். சட்டை உரிக்கிற நேரம் சார், அப்ப அதுக்குத் தீனியே ஆகாது, உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும் என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பூச்சியைப் போடும்போதே அம்மா கட்டிலிலிருந்து சொன்னாள், வேணாம்னா விட்டுடுங்களேன், அதையும் ஏன் படுத்துறீங்க என்று. அதற்குச் சற்று முன்னால்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தும் கஞ்சிக் கரண்டியை வாயில் திணித்திருந்தேன். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

நீ போனில் அழுதாயே, சாப்பாடு போக மூக்குல குழாய் வைக்கச் சொல்லுங்கப்பா, பட்டினி போட்டுக் கொல்றீங்களா என்று. உன்மேல் கோபம் இல்லை கண்ணு, நானும் டாக்டரிடம் அதையேதான் கத்தினேன். உடம்பு இனிமே ஏத்துக்காதுங்க, உள்ளே போறது அவங்களுக்கு வேதனைதான் என்றார். அம்மாவையே கேட்டேன். தலையாட்டி வேண்டாம் என்றாள், உதட்டை ஈரத்துணியால தொட்டுவிடுங்க, அது போதும் என்றாள். சிலந்தி சட்டை உரித்து எழுந்துவிடும், உன் அம்மா எழமாட்டாள், அது தெரியாத மடையன் இல்லை நான். குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நெஞ்சு வெடிக்கிறது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பெரியதும் இப்போது சாப்பிடவில்லை. பூச்சியை எடுத்துவிட்டேன், தண்ணீர் மட்டும் இருக்கிறது. அம்மா அந்த டப்பாவைத் தலைமாட்டில் வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. லீவு கிடைக்குமா என்று யோசிக்காதே, கிளம்பி வா. ஒன்றே ஒன்று, வரும்போது அம்மாவுக்குத் தின்ன எதுவும் வாங்கி வராதே. சும்மா வந்து பக்கத்தில் உட்கார்.

அன்புடன்,
அப்பா