தகடு கழற்றிய வண்டி

தம்பி,

இன்று காலை வாசலில் எண்ணெய் நாற்றம் வந்ததுமே எழுந்து ஓடினேன். மலர் தன் காரின் பானட்டைத் தூக்கி வைத்துக் குனிந்திருந்தாள். நீ கண்ணை மூடும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் பேத்தி, இப்போது பாண்டியில் கார் மெக்கானிக். பட்டறையில் ஆண்பிள்ளைகளே அவளிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள். அஞ்சாவதோடு நின்ற நான் இதைப் பெருமையாக எழுதாமல் யார் எழுதுவது?

இஞ்சின் புகை போகும் குழாயின் சூடு வெளியே அடிக்காமல் மூடி ஒரு மெல்லிய தகடு இருக்குமே, அதைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விரிசல் விட்டுக் கடகடவென்று ஆடியதாம். நம் உப்புக் காற்றில் போல்ட்டெல்லாம் துருவேறி இறுகியிருந்தது. எண்ணெய் பீய்ச்சிவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்சம் திருகினாள், கொஞ்சம் பின்னால் விட்டாள். மலர் சின்னவளாக இருந்தபோது உன் காரில் இதே தகட்டைக் கழற்றிய அன்று நீயும் அப்படித்தான் செய்தாய். "அவசரப்பட்டா தலை ஒடிஞ்சிடும்க்கா. உன்ன இல்ல, போல்ட்ட சொல்றேன்" என்று சிரித்தாய்.

தகடு கையோடு வந்தது. "புதுசு வர நாலு நாளாவும் ஆயா. அதுவரைக்கும் இது இல்லாமலே ஓட்டிக்கிறேன்" என்றாள். அன்று நீயும் இதையேதான் சொன்னாய்.

சொல்லிவிட்டு நீ சாப்பிடப் போனாய். நான் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். இரும்பெல்லாம் துருவேறிச் சிவந்து கிடந்தது. உப்பளத்தில் பம்பு செட்டை உப்பு தின்னாமல் இருக்கப் பழைய ஆயிலைப் பூசிப் பழகிய கை. உனக்கு உதவியாக இருக்கட்டும் என்று குழாய், டியூப், ஒயர் என்று பார்க்காமல் துணியில் முக்கி முக்கிப் பூசினேன். உன்னிடம் சொல்லவில்லை.

சாப்பிட்டு வந்து என்னையும் மலரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாய். கூனிமேடு ஊரைத் தாண்டுவதற்குள் புகை. பிறகு, நான் பூசிய ஆயிலில் நெருப்பு. பின் சீட்டில் நாலு வயது மலர் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. நீ மறுபக்கமாக நுழைந்து அவளை இழுத்து என் மடியில் போட்டுவிட்டு, ரோட்டோர மணலை வாரி வாரி இறைத்தாய். திறக்காத அந்தக் கதவை நீ இழுத்து இழுத்துப் பார்த்த சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

வீட்டில் என் வீட்டுக்காரர், உன் மாமா, குதித்தார். "புள்ளய கொளுத்தப் பாத்தியேடா!" நீ என் கையைப் பார்த்தாய். நகக்கண்ணெல்லாம் கறுப்பு ஆயில். "தகடு இல்லாம ஓட்டினது என் தப்புதான் மாமா" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு இந்த வீட்டுப் பிள்ளைகளை யாரும் உன் வண்டியில் ஏற்றவில்லை. உண்மையை ஏன் சொல்லவில்லை என்று சாகும்வரை நீயும் என்னைக் கேட்கவில்லை.

இன்று மலரின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"விளையாடாத ஆயா, மத்தியானம் பாண்டி போவணும். நான் இன்னா உன் தம்பி தாத்தா மாதிரி அரைகுறையா?"

"அவன் அரைகுறை இல்லடி. அன்னிக்கு ஆயில் பூசினது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"எத்தினி தடவ அவர நக்கல் பண்ணியிருக்கேன். நீயும் கூட உக்காந்து சிரிச்சியே ஆயா."

அவள் சிந்தியிருந்த எண்ணெயை ஒரு பொட்டு விடாமல் துடைத்தாள். விரிசல் இருந்த இடத்தில் பெரிய வாஷர் வைத்துப் பழைய தகட்டையே இறுக்கிப் பூட்டினாள். கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தது. அவ்வளவுதான் பேசினாள்.

சாயங்காலம் திரும்பிவிடுவாள். மகனும் மருமகளும் வேலை முடிந்து வந்துவிடுவார்கள். அவள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடம் நீ சுமந்த ஏச்சு இனி என் தலையில் இருக்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது, தம்பி. வெளியே ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து பார்க்கிறேன்.