பனோப்ளி என்று எழுதிய கூடம்

அப்பாவுக்கு, கோபி வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி கம்மியாச்சா? இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

லண்டனில் நான் காவல் நிற்கும் அருங்காட்சியகத்தில் வாளும் ஈட்டியும் கேடயமும் நிறைந்த கூடம் ஒன்று உண்டு. வாசல் பலகையில் ‘பனோப்ளி’ என்று எழுதியிருக்கிறது. பார்த்தவர் அசந்துபோகும் பெருந்தொகுப்பு என்று அர்த்தமாம். பூக்கண்காட்சிக்கும் அப்படி எழுதுவார்களாம். முன்பு போர்வீரனின் முழுக் கவசத்துக்குச் சொன்ன சொல்லாம்.

போன செவ்வாய்க்கிழமை ஒருவன் சுத்தியலால் கண்ணாடியை உடைத்து, வளைந்த வாளை எடுத்து, என்னோடு நின்ற டேவிட்டின் தோளில் வெட்டினான். எலும்பு தெரிந்தது. அடுத்த வெட்டு என் கையில். அதற்குள் மற்ற காவலர்கள் ஓடிவந்து அவனை மடக்கிவிட்டார்கள். ஏழு தையல்தான், பயப்படாதீர்கள். டேவிட் பிழைத்துவிட்டார். பலகையில் தெறித்த ரத்தத்தைத் துடைத்துக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். அந்தச் சொல் கண்ணில் படாமலிருக்க நான் இப்போது பலகைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன்.

“பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோயில் வாசல்ல நாம கடை போடுற எடத்துல உன் சித்தப்பன் கால் வெச்சான்னா வெட்டிடுவேன்” என்று போனில் சொன்னீர்கள். வெட்டினால் என்ன சத்தம் வரும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இங்கே சோறு இறங்கவில்லை. சித்தப்பா மகள் சினேகா அடுத்த மாதம் படிக்க வருகிறாளே, அவளிடம் வேர்க்கடலைப் பொடி கொடுத்தனுப்புங்கள். நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். கட்டிலுக்கடியில் இருக்கும் கொடுவாள் அங்கேயே கிடக்கட்டும். கையில் பொடி டப்பா மட்டும் இருக்கட்டும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.
கோபி