கத்தாத அலாரம்

மார்ச் 4

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் அதற்கும் ஒரு குத்தல் பேச்சு வரும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் யூனிஃபாரம் இரண்டு செட் பீரோவில் இருந்தது. எரியாமல் மிஞ்சியிருந்தால் இப்போது நான் தங்கியிருக்கும் லாட்ஜுக்குக் கொடுத்து அனுப்பு. கடன் வாங்கிய சட்டையில் பஸ் ஓட்டுகிறேன், டிப்போவே சிரிக்கிறது.

"தம்பி சிகரெட் பிடிச்சு வீட்டையே கொளுத்திட்டான்"னு தெரு முழுக்கச் சொல்கிறாயாமே. காலை ஒன்பதுக்கே நான் வெளியே போய்விட்டேன். தீப்பிடித்தது மதியம் இரண்டு மணிக்கு. சிகரெட் என்ன, ஐந்து மணி நேரம் உட்கார்ந்து யோசிக்குமா? அன்று மேல் அறையில், பால்கனிக் கதவோரம், பள்ளிச் சீருடைகளுக்கு இஸ்திரி போட்டது யார்? பெட்டியை அணைத்தாயா என்று உன்னையே கேட்டுக்கொள்.

தம்பி

மார்ச் 15

தம்பி,

'அன்புள்ள' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து தையல் மெஷினைத் தொடவில்லை. அணைத்தேனா, இல்லையா என்று தினம் செத்துப் பிழைத்தேன். உன் அத்தானின் கைக்கட்டை மாற்றும்போதெல்லாம் நான்தான் சுட்டுவிட்டேன் என்று அழுதேன். நைட் டியூட்டி முடிந்து நீ மேலே தூங்குவதாக நினைத்து, "மச்சான் உள்ள இருக்கான்"னு கத்திக்கொண்டு புகைக்குள் ஓடிய மனுஷன். நீயோ ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே போயிருந்தாய். இப்போது நான்தான் அவருக்கு ஊட்டிவிடுகிறேன்.

நேற்று தீயணைப்பு அதிகாரி வந்தார். இஸ்திரிப் பெட்டியின் வயர் சுற்றியபடியே இருந்ததாம். நெருப்பு தொடங்கியது பால்கனிப் பூந்தொட்டியில். "உள்ள இருக்கிறது மண்ணு இல்லம்மா, தேங்காய் நார்த்தூள். காஞ்சுபோச்சுன்னா துண்டு சிகரெட் உள்ளுக்குள்ள மணிக்கணக்கா கனிஞ்சுகிட்டே இருக்கும். ஒரு டப்பாவுல தண்ணி ஊத்தி அதுல போட்டிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்" என்றார்.

தெருவில் எறியாதே, செடி செத்த தொட்டியில் போடு என்று அதைக் கொடுத்தவள் நான்தான். அந்தத் தப்பு என்னுடையது, மறைக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டார். உன் அறைக்கு வெளியே, மாடிப்படிக்கு மேலே இருக்கும் புகை அலாரம் ஏன் கத்தவில்லை? கழற்றிப் பார்த்தால் பேட்டரி இல்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியும். மழை நாளில் அறைக்குள்ளேயே பிடிப்பேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சனியன் ஊரைக் கூட்டும், நீ கீழேயிருந்து திட்டுவாய். பேட்டரியைக் கழற்றி என் ரேடியோவில் போட்டேன். நாலு மாதமாகப் பாட்டுக் கேட்டேன்.

இஸ்திரிப் பெட்டி என்று எழுதியது பயத்தில்தான். தீப்பிடித்தது தெரிந்ததுமே எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வந்தது. இப்போது தண்ணீர் டப்பாவோடு வாசலில் நின்றுதான் பிடிக்கிறேன். படுக்கையில் பிடிப்பதில்லை, சத்தியம்.

பேட்டரியை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? அத்தானுக்கு நான் ஊட்டிவிடுகிறேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வராதே என்று மட்டும் சொல்லாதே.

உன் தம்பி

மார்ச் 25

யூனிஃபாரம் ஒரு செட் மிஞ்சியது. துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பேட்டரி கிடைத்தது. அலாரத்தில் போட்டு, கீழே ஒரு ஊதுவத்தியைக் காட்டினேன். உடனே கத்தியது. வாசல் வரைக்கும் கேட்டது. உன் அத்தான் படுக்கையிலிருந்து பதறி எழுந்தார்.

அன்றைக்கும் கத்தியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வராதே.