நான் ஆர்ட்டிஸ்ட் என்று சொன்ன வாரம்

ஜூலை 5, சனி

காலையிலிருந்தே வெயில். ஸ்கூல் வேனைக் கழுவினேன். பின் சீட்டுக்கு அடியில் ஒற்றைக் காலுறை, பாதி பிஸ்கட், யாருடையதோ தண்ணீர்ப் போத்தல். திங்கட்கிழமை பிள்ளைகளிடம் விசாரணை.

மாலையில் தோழி பரமுவோடு லகாட் ஊர்ப் பக்கம் போனேன். ஹாஜா பாயின் புதுக் கடையில் ரொட்டி சானாய். பரமு சும்மா இருப்பாளா? பள்ளி விடும்வரை வேனில் உட்கார்ந்து நான் வரைகிற படங்களைத் தன் கைப்பேசியில் அவருக்குக் காட்டிவிட்டாள். சுண்ணாம்பு மலை, பழைய ஈயச் சுரங்கக் குளம், வாத்துகள்.

பாய் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "நல்லா இருக்கே. நீங்க ஆர்ட்டிஸ்ட்டா தங்கச்சி?"

"ஐயோ, இல்ல பாய். சும்மா பொழுதுபோக்கு."

"அப்படியா? கடைச் சுவருக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட் தேடிக்கிட்டு இருக்கேன்லா." கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தே தாரிக் டீ ஆற்றப் போய்விட்டார்.

வழி நெடுக பரமுவின் திட்டு. "சுவரு தானா வந்து வாயில விழுது, துப்பிட்டு வார!"

பரமு பகலில் மளிகைக் கடைக் கல்லாவில். சனி, ஞாயிறு கல்யாண வீடுகளில் பாட்டு. சுருதி எப்போதாவது வந்து சேரும். ஆனாலும் யார் கேட்டாலும் "நான் சிங்கர்" என்பாள். மைக்கும் அவள் கைக்கு வந்துவிடுகிறது.

ஜூலை 6, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. சாம்பாரில் உப்பு அதிகம், யாரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவரிடம் கேட்டேன், நான் என்னை ஆர்ட்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று.

"ஞாயித்துக்கெழம நான் பந்து வெளையாடுறேன். அதுக்காக நான் ஃபுட்பாலரா?"

"முட்டி வீங்கினப்ப டாக்டர்கிட்ட அப்படித்தானே சொன்னீங்க?"

முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

கேள்வி மட்டும் போகவில்லை. நான் இதைப் படித்ததில்லை. ஒரு படம் விற்றதில்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள். ஆனால் காலையில் புந்தோங்கில் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பும்போதே இன்றைக்கு மலை என்ன நிறம் என்றுதான் கண் போகிறது. அதெல்லாம் கணக்கில் சேருமா?

ஜூலை 8, செவ்வாய்

பரமுவிடமிருந்து செய்தி. பாய் பினாங்கிலிருந்து ஆர்ட்டிஸ்ட் பிடித்துவிட்டாராம். சனிக்கிழமை வருகிறாராம்.

"நல்லது" என்று பதில் போட்டேன். நல்லதாகவே இல்லை. வேனில் தாளை எடுத்தால் வாத்து வாத்தாக வரவில்லை. பொறாமைதான், வேறென்ன.

அந்தச் சுவர் எனக்கு வேண்டும். எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, எவ்வளவு வேண்டும் என்று.

ஜூலை 9, புதன்

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே லகாட். பாய் கல்லாவில்.

"பாய், நான் ஆர்ட்டிஸ்ட்."

நிமிர்ந்து பார்த்தார். "சனிக்கெழம இல்லன்னீங்க. அதுக்குள்ள ஆயிட்டீங்களா?"

"அன்னைக்கும் ஆர்ட்டிஸ்ட்தான் பாய். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பக்கத்து மேசைக்காரர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டார். பாய் தாடியைச் சொறிந்தார்.

"முன்சுவரு அவருக்குன்னு பேசிட்டேன். கை கழுவுற எடத்துல ஒரு சுவரு சும்மா கெடக்கு. நல்லா இல்லன்னா வெள்ளையடிச்சிருவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சரி பாய்."

வேனில் ஏறிய பிறகுதான் சிரிப்பு வந்தது. தனியாக, சத்தமாக.

வாங்க: சுவர்ச் சாயம் (நீலம், பச்சை, வெள்ளை), அகல பிரஷ், வெங்காயம்.

ஜூலை 12, சனி

சுவர் தாள் மாதிரி இல்லை. முதல் கோடு நடுங்கியது. நீலம் வழிந்து தரைக்கு ஓடியது. துடைத்தேன், மறுபடி போட்டேன், மறுபடி துடைத்தேன். மதியத்துக்குள் மலை வந்துவிட்டது. அதன் கீழே குளம்.

பினாங்குக்காரர் முன்சுவரில். ஒல்லி, கண்ணாடி, பெயர் தினேஷ். நடுவில் என்னிடம் வந்தார்.

"அக்கா, அந்தப் பெரிய பிரஷ்ஷக் கொஞ்சம் தர்றீங்களா? என்கிட்ட எல்லாமே சின்னது."

கொடுத்தேன். "எவ்வளவு நாளா ஆர்ட்டிஸ்ட்டா இருக்கீங்க தம்பி?"

பதறிவிட்டார். "ஐயோ, நான் ஆர்ட்டிஸ்ட்லாம் இல்லக்கா! பேங்க் கவுண்டர்ல வேல. லீவு நாள்ல சும்மா வரைவேன். பாய்தான் எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

அப்படியென்றால் இன்று அந்தக் கடையில் ஆர்ட்டிஸ்ட் நான் ஒருத்திதான்! சிரித்த சிரிப்பில் வாத்தின் கழுத்து கோணிவிட்டது.

"சொல்லிப் பாருங்க. மொதல்லதான் கூச்சம்."

சொல்லிப் பார்த்தார். என்னைப் பார்க்காமல், பிரஷ்ஷைப் பார்த்து. பிரஷ்ஷுக்குக்கூடக் கேட்டிருக்காது.

ஜூலை 13, ஞாயிறு

முழங்கை வலி. நகத்தில் பச்சை போகவில்லை.

மாலையில் இவரும் பரமுவும் நானும் பாய் கடையில். நல்ல கூட்டம். இவர் சாப்பிடவே இல்லை, மேசை மேசையாகப் போய், "சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவிட்டு வாங்கண்ணே, நல்லது" என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. காது மட்டும் அங்கே.

ஒரு லாரிக்காரர் கையில் சோப்பு நுரையோடு சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பின்னால் ஐந்தாறு பேர் வரிசை. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

பாய் கல்லாவிலிருந்து கத்தினார். "அண்ணே! மலைய அப்புறம் பாக்கலாம்லா, தண்ணிய மூடுங்க!"